பட்டத்துக்கு உரியவர் யார்?

1915ஆம் ஆண்டிலே இலங்கையில் மூண்ட கலவரத்தை அடக்குதற்பொருட்டு ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. கலவரத்தோடு தொடர்பில்லாத சிங்களத் தலைவர் பலர் சிறையிடப்பட்டனர். சிலர் முறையான விசாரணையின்றி உயிரிழந்தனர். அந்நாளிலே சட்டநிரூபண சபையிற் படித்த இலங்கையரின் பிரதிநிதியாக வீற்றிருந்த பொன்னம்பலம் இராமநாதன் அக்கொடுமையை எடுத்துரைத்துக் கண்டித்தார். பேச்சோடு அமையாது, முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சம் நிறைந்த கடலைக் கடந்து இலண்டனுக்குச் சென்று முறையிட்டார். அவர் திரும்பி வந்தபோது கொழும்பு மக்கள் அவருக்கெனக் கொண்டுவரப்பட்ட வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே அதனை இழுத்துச் சென்று அவரை இல்லஞ் சேர்த்தனர்.

இராமநாதனுக்கு அரசு அளித்த பட்டங்களும் இருந்தன. 1889இலே ஒரு விருதும், 1921இலே ‘சேர்’ என்னும் பட்டமும் அவரை வந்தடைந்தன. அவை எதற்காக அளிக்கப்பட்டன என்று இன்று எவரையேனும் வினவினால், தயங்காது விடை கூறுவார் மிகச் சிலரே. வண்டியிழுத்த கதையையோ பள்ளிச் சிறுவனும் அறிவான். எனினும் அந்த வண்டியை இழுத்தவர் நாட்டு மக்கள் அனைவரும் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. அக்கலவரத்திலே கடைகளையும் உடைமைகளையும் உயிர்களையும் இழந்த முஸ்லிம் மக்கள் இராமநாதனின் நிலைப்பாட்டை வேறு கண்கொண்டு நோக்கினர். மக்கள் அளிக்கும் சிறப்பும் கொடுப்பவரின் கண்ணுக்கு உட்பட்டதே. ஆதலாற் பட்டத்துக்கு உரியவர் யார் என்னும் வினா எழும்போது, பட்டத்தை அளிப்பவர் யார், எச்செயலுக்காக அளிக்கிறார் என்னும் வினாக்களும் அதனோடு கூடவே எழுகின்றன.

இலங்கையிலே இவ்வினாக்களுக்கு நெடிய வரலாறு உண்டு. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் முதலியார் என்பது ஒரு பதவி. படை திரட்டுதல், வரி சேர்த்தல், அரசின் ஆணையை ஊராருக்கு மொழிபெயர்த்துக் கூறுதல் முதலியன அதற்குரிய கடமைகள். ஆங்கிலேயர் காலத்திலே அக்கடமைகள் மெல்ல மெல்ல வேறு உத்தியோகத்தரின் கைக்குச் சென்றன. பெயர் மட்டும் நின்றது. முகாந்திரம், முதலியார், வாசல் முதலியார் என்னும் படிகள் வகுக்கப்பட்டு, அவை தேசாதிபதியின் பிரீதியைப் பெற்றவருக்கு வழங்கப்பட்டன. தங்கப் பொத்தான் பதித்த நீண்ட மேலங்கியும் இடுப்பில் வாளும் அணிந்து தேசாதிபதியின் மாளிகை வாயிலில் நிற்கும் உரிமையே அப்பட்டத்தின் முழுப்பொருளாயிற்று. அந்த வாளை உறையினின்றும் எடுக்கவேண்டிய தேவை எவருக்கும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

இப்படிகளின் உச்சியில் இருந்தவர் மகாமுதலியார். அப்பதவியை நெடுங்காலம் வகித்தவர் சேர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்க. தம் மைந்தருக்கு அவர் இட்ட பெயரிலேயே அக்காலத்தின் மனப்பாங்கைக் காணலாம். தேசாதிபதி சேர் ஜோசப் வெஸ்ட் றிட்ஜ்வே குழந்தையின் ஞானத்தந்தையானார். அவர் பெயரும் குழந்தையின் பெயரோடு சேர்ந்தது. அக்குழந்தையே பிற்காலத்திற் பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. 1956இலே ஆட்சிக்கு வந்ததும் இலங்கையருக்கு ஆங்கில அரசின் பட்டங்கள் வழங்கப்படும் வழக்கத்தை நிறுத்தியவரும் அவரே.

முதலியார் பட்டம் பெற்றவர் யாவரும் தகுதியற்றவர் என்று கூறுதல் பெரும் பிழையாகும். 1926ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தின் பழைய வரலாற்றை ஆராய்ந்து ஆங்கிலத்திற் பெருநூலொன்றை வெளியிட்ட செ. இராசநாயகமும் ஒரு முதலியாரே. அவர் முடிபுகள் பலவற்றைப் பின்வந்த ஆய்வாளர் மறுத்துள்ளனர். ஆயினும் அத்துறையிற் புகுவோர் எவரும் அந்நூலைக் கடவாது செல்ல இயலாது. அவர் பெயர் நிற்பது அந்நூலினால். அவரோடு ஒரே வரிசையிலே வாளும் அங்கியும் தரித்து நின்ற ஏனையோரின் பெயர்களைப் பழைய வர்த்தமானிப் பத்திரிகைகளிலேதான் தேடிக் காணவேண்டும்.

கொடுப்பவரின் பிரீதியே அளவுகோலானால், அந்தப் பிரீதியை விலைக்கு வாங்கவும் வழி பிறக்கும் என்பதற்கு இங்கிலாந்தே சான்று. முதலாம் உலகப் போரின் பின், லொயிட் ஜோர்ஜ் பிரதமராயிருந்த காலத்திலே, கட்சி நிதிக்குப் பணம் தந்தவர்களுக்குப் பட்டம் வழங்கப்பட்டது. ‘சேர்’ பட்டத்துக்கு ஏறத்தாழ 10,000 பவுண் என்று விலை வழங்கிற்று. அவதூறு பெருகவே, 1925இலே பட்ட விற்பனையைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. தரகராயிருந்த மோண்டி கிறெகரி என்பவர் 1933இலே அச்சட்டத்தின்கீழ்த் தண்டனை பெற்றார். விற்றவர் ஒருவராவது அகப்பட்டார். வாங்கியவரோ பட்டத்தோடு வாழ்ந்து மறைந்தனர்.

பட்டம் பெற்றவர் அதனை அளித்தவருக்கு வாழ்நாள் முழுதும் கடன்பட்டவரா என்பது அடுத்து எழும் ஐயம். இராமநாதனின் இளவல் பொன்னம்பலம் அருணாசலம், இலங்கைச் சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை வாயிலாக 1875இலே தெரிவான முதல் இலங்கையர். பதிவாளர் நாயகமாகக் கடமையாற்றி, 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தி, அதன் அறிக்கையை இலக்கியச் சுவை பொருந்த எழுதியவர். சேவையினின்றும் இளைப்பாறியபின் அவருக்குச் ‘சேர்’ பட்டம் கிடைத்தது. அரசு எதிர்பார்த்தது நன்றியறிதலோடு கூடிய மௌனமாயிருக்கலாம். அவரோ அதன் பின்னரே அரசியற் சீர்திருத்தக் கிளர்ச்சியில் முழுமூச்சாய் இறங்கி, 1919இலே நிறுவப்பட்ட இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதற் றலைவரானார். பட்டத்தை அவர் தாம் முன்செய்த ஊழியத்துக்குக் கிடைத்த சம்பளப் பாக்கியாகக் கொண்டாரேயன்றி, இனிச் செய்யப்போகும் ஊழியத்துக்கான அச்சாரமாகக் கொள்ளவில்லை.

இந்தியாவிலே இதனினும் கடுமையான வழியைச் சிலர் மேற்கொண்டனர். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த சுப்பிரமணிய ஐயர், இந்தியாவின் நிலையை விளக்கி அமெரிக்க சனாதிபதி வில்சனுக்கு 1917இலே கடிதம் எழுதினார். அதற்காக ஆட்சியாளர் அவரைக் கண்டித்தபோது தம் பட்டங்களை அவர்களிடமே திருப்பிவிட்டார். 1915இலே ‘சேர்’ ஆன இரவீந்திரநாத தாகூர், 1919இலே ஜாலியன்வாலா பாக்கில் நிராயுதபாணிகளான மக்கள் சுட்டு வீழ்த்தப்பட்ட செய்தி கேட்டு, அப்பட்டத்தினின்றும் தம்மை விடுவிக்குமாறு இராசப்பிரதிநிதிக்கு எழுதினார். தம் நாட்டு மக்கள் இழிவுறுத்தப்படும்போது அவ்விழிவைச் செய்தவரின் கையாற் பெற்ற அணிகலனைத் தரித்திருக்க அவர் மனம் ஒப்பவில்லை.

இவ்வனுபவம் இருந்தமையாலேயே சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர்ந்த பட்டமெதனையும் அரசு வழங்கலாகாதென 18ஆம் உறுப்புரையில் விதித்தது. ஆயினும் 1954இலே பாரத ரத்தினம் முதலான விருதுகள் தொடங்கப்பட்டன. இவை அவ்விதிக்கு மாறானவை என்று வழக்காடப்பட்டபோது, விருது வேறு, பட்டம் வேறு. விருது பெற்றவர் அதனைத் தம் பெயரின் முன்னோ பின்னோ சேர்த்து வழங்குதல் கூடாது என 1995இலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நுண்ணிய வேறுபாடுதான். ஆனால் வீண் வேறுபாடன்று. விருது ஒரு நாளில் ஒரு செயலுக்காக நடைபெறும் பாராட்டு. பெயரோடு ஒட்டிக்கொள்ளும் பட்டமோ அந்த மனிதர் செல்லுமிடமெல்லாம் அவருக்கு முன்னே சென்று ஆசனம் தேடுகிறது.

இலங்கையிலே இவ்வேறுபாடு பேணப்படவில்லை. 1986இலே வகுக்கப்பட்ட தேசிய விருதுத் திட்டத்தின்படி ஸ்ரீலங்காபிமான்ய, தேசமான்ய, தேசபந்து, வித்தியா ஜோதி, கலா கீர்த்தி முதலான பட்டங்கள் வழங்கப்படலாயின. அழைப்பிதழ்களிலும் பெயர்ப்பலகைகளிலும் அவை பெயருக்கு முன்னே நிற்கின்றன. ‘சேர்’ இருந்த இடத்திலே வேறொரு சொல் வந்திருக்கிறது. மிக உயர்ந்ததான ஸ்ரீலங்காபிமான்ய பட்டத்தை ஒரே காலத்தில் உயிரோடிருப்பவர் ஐவருக்கு மேல் வகித்தல் கூடாதென விதி செய்யப்பட்டது. பட்டம் மலிந்தால் மதிப்பிழக்கும் என்பதனை அறிந்து செய்த விதி அது, போற்றத்தக்கது.

அப்பட்டத்தை 1986இலே பெற்றவர் அப்போது பிரதமராயிருந்த ஆர். பிரேமதாச. இந்தியாவிலே 1955இற் பாரத ரத்தினம் பெற்ற ஜவஹர்லால் நேருவும் அப்போது பிரதமரே. ஏழைகளுக்கு வீடமைப்பதில் முன்னவர் காட்டிய ஊக்கத்தையோ, நாட்டை உருவாக்குவதிற் பின்னவர் செய்த பணியையோ குறைத்துரைக்க வேண்டுவதில்லை. எனினும் ஆட்சிபீடத்தில் இருப்பவருக்கு அந்த ஆட்சியின் பெயராலேயே சிறப்பு வழங்கப்படும்போது, தராசைப் பிடித்த கையும் தட்டில் இருக்கும் பொருளும் ஒன்றாகி விடுகின்றன. பதவியில் இருப்பவருக்கு அப்பதவியே சிறப்பு. அதனை விட்டிறங்கிச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவர் பணி நிலைத்திருக்குமாயின் அப்போது பாராட்டலாம்; அதனால் எவருக்கும் நட்டமில்லை.

அரசின் துணையின்றி எழுந்து, ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் மங்காத பட்டம் ஒன்று உண்டு. 1822இலே நல்லூரிற் பிறந்த ஆறுமுகம்பிள்ளை, அச்சியந்திரம் வாங்குதற்காக 1849இலே தமிழகம் சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்திலே சைவப் பிரசங்கம் செய்தார். அதனைக் கேட்டு வியந்த ஆதீனத்தார் ‘நாவலர்’ என்னும் பட்டத்தை அவருக்கு அளித்தனர். அதனை வழங்கியோர் பிரசங்கத்தை அளந்தறியத் தகுதியுள்ளோர். வழங்கப்பட்டதோ அவர்கள் தம் செவியாற் கேட்ட செயலுக்கு. பட்டத்தின் சொல்லே அச்செயலைச் சுட்டிற்று. பெற்றவரும் அதன் பின் முப்பது ஆண்டுகள் பாடசாலையும் அச்சகமும் நடத்தி, பிழையறப் பரிசோதித்த நூல்களைப் பதிப்பித்து, எளிய தெளிந்த உரைநடையை வளர்த்து அச்சொல்லுக்குப் பொருள் சேர்த்தார். இன்று நாவலர் என்றால் அவரே. இயற்பெயரைச் சேர்த்துச் சொல்லவேண்டுவதில்லை.

அதே நாவலர் சாதி வேற்றுமையைப் பேணிய கருத்துகளையும் கொண்டிருந்தார். அவற்றால் தாழ்த்தப்பட்ட மக்கள் மனம் புண்பட்டதுண்டு. அப்பகுதியை மறைத்தலும் தவறு, அதனைக் காட்டி உரைநடைக்கு அவர் செய்த பணியை மறுத்தலும் தவறு. நாவலர் என்னும் சொல் நாவன்மையைக் கூறுகிறதேயன்றி மாசற்றவர் என்று கூறவில்லை. செயலைச் சுட்டும் பட்டத்தின் நன்மை இதுவே. அது தான் அறிந்ததற்கு மேல் எதனையும் சாதிப்பதில்லை. ‘மாண்புமிகு’, ‘உத்தமர்’ என மனிதரை முழுமையாக அளந்துவிட்டதாகக் கூறும் பட்டங்களே பின்னாளில் வழங்கியவரை நாணச் செய்கின்றன.

இதுவரை கூறியவை தனி மனிதர் ஒருவர் செய்த செயல்களைப் பற்றியன. பொதுவாழ்விலே மிகப் பெரிய நன்மைகள் பல, ஒருவரைச் சுட்டிக் காட்ட இயலாதவாறு பல்லாயிரம் கைகளால் நிகழ்கின்றன. இலங்கையில் மலேரியா ஒழிந்த கதை அத்தகையது.

1934இலும் 1935இலும் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் இத்தீவிலே ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. வறட்சியினால் ஆறுகள் வற்றி, மணலிடையே தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியதே காரணம். மழைவளம் மிக்க தென்மேற்குப் பகுதி மக்கள் அந்நோய்க்குப் பழகாதவர். ஆதலால் ஆங்கே இழப்பு மிகுந்தது. அவ்வேளை கொயினாவும் உணவும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குச் சென்றவருள் சூரியமல் இயக்கத்து இளைஞர் குறிப்பிடத்தக்கவர். நவம்பர் 11ஆந் திகதி ஆங்கிலப் படைவீரரின் நலநிதிக்காக விற்கப்பட்ட பொப்பிப் பூவை அணிய மறுத்து, அதற்குப் பதிலாக நம் நாட்டுப் பூவரசம்பூவை விற்றவர் இவர். தேசாதிபதியின் பட்டப் பட்டியலில் இவர்கள் பெயர் இடம்பெறும் என எவரும் எதிர்பார்த்திரார். தனக்கு எதிர்நிற்பவரின் தொண்டினைக் காண அரசுகளின் கண் எளிதிற் கூசிவிடுகிறது.

1946இலே டீ. டீ. ரீ. மருந்து தெளிக்கும் பணி தொடங்கிற்று. தோளிலே மருந்துக் குப்பியைச் சுமந்து, வீடுவீடாகச் சென்று சுவரிலும் கூரையிலும் தெளித்தவர்கள் நாட்கூலி பெற்ற தொழிலாளர். இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டிலே தடவி, நுணுக்குக்காட்டியிலே காலை முதல் மாலைவரை நோக்கியிருந்தவர்கள் ஆய்வுகூட ஊழியர். அவர் உழைப்பின் பயனாக 1963இலே நாடு முழுவதிலும் காணப்பட்ட நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. அவ்வாண்டிலே வெற்றி விழா எடுத்து எவருக்கேனும் ‘மலேரியாவை ஒழித்தவர்’ எனப் பட்டம் சூட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? வெற்றி கிட்டிவிட்டதென்று கண்காணிப்புத் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடியுமுன்னரே நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றிற்று. அதன் பின் நாற்பதாண்டுக்கு மேலாக, உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலுங்கூட, அப்பணி இடையறாது தொடர்ந்தது. 2012இலே உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் பதிவாயினர். 2016இலே உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

இந்த வெற்றிக்குரிய பட்டத்தை எவர் பெயரின் முன் வைப்பது? நிபுணர்களைப் பாராட்டலாம், பாராட்டவே வேண்டும். ஆனால் தெளிகருவி சுமந்தவரை விடுத்துத் திட்டம் வகுத்தவரை மட்டும் மேடையேற்றினால், நடந்தது இன்னதென்பதை நாடு பிழையாக அறிந்துகொள்ளும். பின்னொரு நாள் செலவைக் குறைக்கவேண்டி வந்தால், முதலில் நீக்கப்படுபவர் மேடையிலே காணப்படாதவரே. பாராட்டினைத் தவறாகப் பங்கிடுவதால் விளையும் கேடு மனத்தாங்கலோடு முடிவதில்லை.

இவ்வாறே 1926இலே களுத்துறையில் முதற் சுகாதாரப் பகுதி தொடங்கியது முதலாக, ஊரூராய் நடந்து கர்ப்பிணிகளைப் பேணிய மருத்துவிச்சிமாரின் பணியும் பெயரின்றியே நடைபெற்றது. ஊர்மக்கள் தாமாகவே வழங்கும் பெயர்களிலே இத்தகையோருக்கு இடமிருந்தது. சட்டம்பியார், பரியாரியார், அண்ணாவியார் என்னும் சொற்கள் எந்த வர்த்தமானியிலும் வெளிவராதவை. எழுத்தறிவித்தவருக்கும், நோய் தீர்த்தவருக்கும், கூத்துப் பழக்கியவருக்கும் மரியாதை விகுதியோடு ஊர் வழங்கியவை. அவரவர் தொழிலை நிறுத்தினாலும் விகுதி நீங்குவதில்லை. இன்றைய பொது மேடைகளிலோ, சத்தியக்கடதாசிக்கும் பிரதிகளுக்கும் அத்தாட்சிக் கையெழுத்திடும் கடமைக்காக ஏற்பட்ட சமாதான நீதவான் பதவியுங்கூடச் சிலருக்குப் பட்டமாகத் தோன்றுகிறது. கையெழுத்து வேண்டி வாயிலில் வந்து நிற்பவருக்குக் கதவு திறக்கப்படுகிறதா என்பதைக் கொண்டு அப்பதவியை மதிப்பிடும் ஊர்களும் உள்ளன, அம்மதிப்பீடே சரியானது.

காலம் பார்த்து வழங்குதல் நன்றென்றால், காலந்தாழ்த்தி வழங்குதலும் நன்று என்று பொருளாகாது. முதுமையெய்திய கலைஞருக்கு இலங்கை அரசு வழங்கும் கலாபூஷண விருதினைப் பிறர் தோளிற் சாய்ந்தவாறு வந்து பெறுவோரைக் காணும்போது, அவர் குரலும் கையும் வலிமையோடிருந்த காலத்தில் இந்த நாடு எங்கே இருந்ததென்று கேட்கத் தோன்றும். கலைஞரின் செயல் அரங்கிலே அன்றே முடிந்துவிடுவது. மலேரியாவைப் போல அரை நூற்றாண்டு காத்திருந்து அளக்கவேண்டியதன்று. ஒவ்வொரு பணிக்கும் அதன் பயன் தெரியும் காலம் ஒன்றுண்டு. அக்காலத்தை அறிந்தவரே அதனைப் பாராட்டும் பொறுப்பை ஏற்றல் வேண்டும்.

நாவலர் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிலே அமெரிக்காவிற் பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர். 1847இலே யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே மருத்துவம் புரிந்தார். ஆங்கிலத்திற் கற்பித்தால் மாணவர் ஊரைவிட்டு நீங்கி அரசாங்க உத்தியோகம் தேடிச் செல்வர் என்பதை உணர்ந்து, தாமே தமிழ் கற்று, உடற்கூறு, சத்திர வைத்தியம் முதலான நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைப் போதித்தார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர் அவரிடம் பயின்று வெளியேறினர். 1873இலே உடல்நலங் குன்றித் தாய்நாடு திரும்பிய அவர் 1884இற் காலமானார். அவர் விருப்பத்தின்படி, மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலுள்ள அவர் கல்லறையிலே, தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்பதே பொறிக்கப்பட்டது. மானிப்பாயிலுள்ள வைத்தியசாலையை அவ்வூர் மக்கள் இன்றும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்றே அழைக்கின்றனர்.